‘ஈ’ என்பதும் ‘தா’ என்பதும்

ஒரு பொருளைப் பிறரிடம் கேட்டுப் பெறுவதற்குரிய சொற்கள் மூன்று என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்துரைக்கிறார். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்குங்கால் ‘ஈ’ என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் ‘தா’ என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் ‘கொடு’ என்பான். கேட்கப்படும் பொருள் ஒன்றே. கேட்பவன் நிற்கும் இடம்தான் வேறு. மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் இந்த நுட்பம், அறத்துக்குப் பொருள் வழங்குவோருக்கும் அவ்வறத்தை முன்னின்று நடத்துவோருக்கும் இடையேயுள்ள உறவை அளந்தறிய ஏற்றதொரு அளவுகோல் என்பது என் எண்ணம்.

அறக்கட்டளை நிறுவிப் பொருள் தருவோர் ஒருபுறம். அப்பொருளைக் கொண்டு மாலை வகுப்பும், மருந்தகமும், விதவையர் உதவியும், அநாதை நிலையமும் நடத்துவோர் மறுபுறம். ஆண்டு விழா மேடையில் இருசாராரும் ஒருவரையொருவர் ‘சகோதரர்’ என்றழைத்துக் கொள்கின்றனர். மேடையை விட்டிறங்கி, அறக்கட்டளையின் அலுவலக அறைக்குள் நுழைந்ததும் ஒலிப்பது ‘ஈ’ என்னும் சொல்லே. இந்நிலை நம் மரபுக்கு உகந்ததுதானா? இவ்வினாவுக்கு விடை காண, நம் இலக்கியத்தின் முடிமணியான ஒரு நூல் உருவான விதத்தை முதலில் நோக்குவோம்.

சீறா உருவான விதம்

கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயரை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் இல்லை. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்பதை நம் பிள்ளைகள் பாடப்புத்தகம் திறக்குமுன்னரே கேட்டு வளர்கின்றனர். பரிசில் நாடி வந்த படிக்காசுப் புலவர், வள்ளல் மண்ணறையில் அடங்கிவிட்டதறிந்து புலம்ப, கபுருக்குள்ளிருந்து மோதிரக் கை நீண்டது என்பது கதை. அதன் மெய்ம்மையை ஈண்டு நான் ஆராயப் புகவில்லை. அக்கதை நம்மை எதைக் காணச் செய்கிறது, எதைக் காணாமற் செய்கிறது என்பதே என் வினா. அது கொடுக்கும் கை ஒன்றை மட்டுமே காட்டுகிறது. அந்தக் கை ஓய்ந்தபோது பாதியில் நின்ற பணிகள் என்னவாயின என்று அது சொல்வதில்லை.

அவ்வாறு நின்ற பணிகளுள் தலையாயது சீறாப்புராணம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எட்டயபுர அரசவைப் புலவராயிருந்த உமறுப் புலவரிடம் அண்ணல் நபிகள் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகப் பாடித் தருமாறு வேண்டியவர் சீதக்காதி. புலவருக்கு அரபு மூலநூல்களின் செய்திகள் வேண்டியிருந்தன. அவற்றை நாடி அவர் மாமேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் சென்றார். புலவரின் உடையும் தோற்றமும் கண்ட அப்பா அவர்கள் முதலில் இசையவில்லை என்றும், பின்னர்க் கனவொன்றின் வாயிலாக மனம் மாறிச் செய்திகளை வழங்கினார்கள் என்றும் செவிவழி வரலாறு கூறும்.

இச்செய்தியை நம் மேடைகளில் புலவரின் பெருமைக்குச் சான்றாகவே எடுத்துரைக்கின்றனர். எனக்கோ அது அப்பா அவர்களின் பெருமைக்குச் சான்றாகத் தோன்றுகிறது. கொடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் அவர்கள். அறிவாகிய செல்வம் அவர்கள் கையில் இருந்தது. வாங்க வந்தவரின் புறத்தோற்றத்தை நிபந்தனையாக்கியது தவறென உணர்ந்ததும், அந்நிபந்தனையைத் தாமே விலக்கிக்கொண்டார்கள். கதையில் உடை மாற்றிக்கொண்டு மீண்டும் வந்து நிற்கும் புலவரை நாம் காண்பதில்லை. மனம் மாறிய ஆலிமைக் காண்கிறோம். கொடுப்போர் கற்க வேண்டிய முதற்பாடம் இதில் அடங்கியுள்ளது.

இரண்டாம் பாடம் நூலுக்குள்ளேயே இருக்கிறது. விலாதத்துக் காண்டத்தின் நாட்டுப் படலத்தைப் படிப்போர் வியப்புறுவர். அரபு நாட்டைப் பாட வந்த புலவர், மேகம் கடல் நீரை முகந்து மலையில் பொழிவதையும், ஆறு பெருகி வருவதையும், உழவர் வயலில் இறங்குவதையும் பாடுகிறார். பாலைநிலத்தை மருதநிலமாக்கிவிட்டார் என்று குறைகூறியோரும் உண்டு. தமிழ்க் காப்பிய மரபைப் பேணினார் என்று போற்றியோரும் உண்டு. என் கவனம் வேறோரிடத்தில் செல்கிறது. பொருள் தந்தவர் மரைக்காயர். கடலோடி வணிகம் செய்த குடியினர். செய்தி தந்தவர்கள் அரபுக் கடலில் மூழ்கிய ஆலிம்கள். ‘அரபு நாட்டில் ஆறு ஏது, நெல்வயல் ஏது? இப்பகுதியை நீக்கினாலன்றி மேற்கொண்டு பொருளில்லை’ என்று அவர்கள் சொல்லியிருக்கக்கூடும். அப்படி நேர்ந்திருந்தால் நாட்டுப் படலம் இன்றுள்ள வடிவில் நம் கைக்கு வந்திராது. பொருள் ஒருவரிடம், அறிவு ஒருவரிடம், கலை ஒருவரிடம் என்று பிரிந்து நின்றன. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் அத்துமீறி நுழையவில்லை என்பதற்கு அந்தப் படலமே சாட்சி.

மூன்றாம் பாடம்தான் இன்று நமக்கு மிகவும் வேண்டியது. நூல் முற்றுப்பெறுமுன் சீதக்காதி மறைந்தார். பணி நின்றது. அதை மீண்டும் தொடங்கச் செய்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். பிறர் தொடங்கிய பணி அது; பெயரும் புகழும் முன்னவருக்கே போய்ச் சேரும் என்பது வெளிப்படை. ஆயினும் அவர் புதிதாக வேறொரு காப்பியத்தைத் தம் பெயரில் தொடங்கச் சொல்லவில்லை. நின்றதைத் தொடரச் சொன்னார். அவர் ஆதரவிலேயே நூல் அரங்கேறியது. புலவரும் காப்பியத்தினுள் பல இடங்களில் அவரை நன்றியோடு நினைக்கிறார். கம்பர் ஆயிரம் பாடலுக்கொரு முறை சடையப்ப வள்ளலை நினைத்தார் என வழங்கும் மரபை அறிந்தோர், இந்நன்றியின் அளவையும் அழகையும் உணர்வர்.

கதை அங்கும் முடியவில்லை. மூன்று காண்டமும் 5027 பாடலுமாக அமைந்த சீறாப்புராணம் அண்ணலாரின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்கவில்லை. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். ஏட்டில் கிடந்த பெருங்காப்பியத்தை 1842இல் அச்சிலேற்றியவர் செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர். வேண்டியவர் ஒருவர், தாங்கியவர் ஒருவர், பாடியவர் ஒருவர், தொடர்ந்தவர் ஒருவர், அச்சிட்டவர் ஒருவர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் கைமாறிக் கைமாறி வந்த அமானிதம் அது. பழமொழி ஒரு கையைப் புகழ்கிறது. நூல் பல கைகளால் நிலைத்தது.

ஷரீஅத் வகுத்த எல்லை

இலக்கியம் காட்டும் இவ்வொழுங்கு தற்செயலானதன்று. அதன் வேர் நம் மார்க்கச் சட்டத்தில் இருக்கிறது.

ஜகாத் பெறத் தகுந்தோர் எண்மரைத் திருமறையின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் எண்ணிச் சொல்கிறது. அவ்வெண்மரில் முதல் நால்வருக்கு ‘லாம்’ என்னும் எழுத்தும், பின் நால்வருக்கு ‘ஃபீ’ என்னும் சொல்லும் ஆளப்பட்டிருப்பதை விரிவுரையாளர்கள் ஆழ்ந்து நோக்கியுள்ளனர். ‘லாம்’ உடைமையைக் குறிக்கும். அதாவது ஏழைக்குக் கொடுத்த ஜகாத் ஏழையின் சொந்தப் பொருளாகிவிடுகிறது. இதையே ஃபுகஹாக்கள் ‘தம்லீக்’ என்பர். கொடுத்தவர் அதன்பின் ‘இன்னதைத்தான் வாங்க வேண்டும், இன்னாரிடம்தான் வாங்க வேண்டும்’ என்று கயிறு கட்டி இழுக்க இயலாது. கை மாறியதும் அதிகாரமும் மாறுகிறது.

அதே வசனத்தில் மூன்றாமிடத்தில் நிற்பவர் யார்? ஜகாத்தைத் திரட்டிப் பங்கிடும் ஊழியர். ஏழை, வறியவர் ஆகியோரை அடுத்து, கடனாளியையும் வழிப்போக்கரையும் முந்தி அவர் நிற்கிறார். அவர் உழைப்புக்குத் தகுந்த கூலி அறப்பொருளிலிருந்தே தரப்படும். ஆட்சியாளர் நியமிக்காத இன்றைய தனியார் அமைப்புகளின் ஊழியர் இவ்வகையில் சேர்வாரா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆயினும் அறத்தை நடத்தும் உழைப்பு கூலிக்குரியது என்னும் அடிப்படையில் ஐயமில்லை. நம் செல்வர்களோ, ‘என் பணம் முழுவதும் ஏழைக்கே சேர வேண்டும், சம்பளத்துக்கும் வாடகைக்கும் ஒரு காசும் கூடாது’ என்று பெருமையோடு நிபந்தனை விதிக்கின்றனர். ஆசிரியைக்குச் சம்பளமில்லாமல் வகுப்பு நடக்குமா? கணக்கெழுதுவோர் இல்லாமல் கணக்குக் கிடைக்குமா?

வக்ஃபின் வரலாற்றைப் பாருங்கள். கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி விளைவை அறமாக்கும் வழியை நபிகளார் காட்டினார்கள். அதன் நிர்வாகி செல்வம் சேர்க்காமல் முறையோடு அதிலிருந்து உண்ணலாம் என்பதும் அங்கேயே உரைக்கப்பட்டது. தமக்குப்பின் அதன் பொறுப்பை உமர் (ரலி) அவர்கள் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அறப்பொருளின் பொறுப்பில் பெண்ணுக்கும் இடமுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அபூதல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிக உவப்பான பைருஹா தோட்டத்தை நபிகளாரிடம் ஒப்படைத்து, இறைவன் காட்டும் வழியில் அதைப் பயன்படுத்துமாறு வேண்டினார்கள். நபிகளாரோ, அதை அவர்தம் உறவினருக்குப் பங்கிடுமாறு ஆலோசனை கூறினார்கள். கொடுத்தவர் முடிவை விட்டுக்கொடுத்தார்; பெற்றவர் அந்த அதிகாரத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. நம்பிக்கை இருபுறமும் ஓடியது.

வாங்கி நடத்துவோருக்கும் கடிவாளம் உண்டு. ஜகாத் திரட்டி வந்த ஒருவர், ‘இது உங்களுக்குரியது; இது எனக்கு அன்பளிப்பாக வந்தது’ என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபிகளார் மிம்பரில் ஏறிக் கண்டித்த வரலாறு ஹதீஸ் நூல்களில் உள்ளது. ஆகவே கணக்குக் கேட்பது அவநம்பிக்கையின் அடையாளம் என்று நம் தொண்டர்கள் முகம் சுளித்தல் ஆகாது. கணக்கு அமானிதத்தின் உறுப்பு.

ஆண்டு மலரின் மொழி

இனி இன்றைய நிலைக்கு வருவோம். அறக்கட்டளைகள் வெளியிடும் ஆண்டு மலர்கள் எதையேனும் எடுத்து, இலக்கியம் படிப்பது போல் படித்துப் பாருங்கள். முதற்பக்கங்களில் வள்ளல்களின் படங்கள். அடுத்து வாழ்த்துப்பாக்கள், அவற்றில் பெரும்பாலானவை சீதக்காதியோடு ஒப்பிடுவன. பின்னர்த் தையல் இயந்திரத்தைப் பெற்றுக்கொண்டு தலைகுனிந்து நிற்கும் பெண்ணின் படம். கீழே அவர் பெயர் இராது, ‘பயனாளி’ என்றிருக்கும். அவ்வாண்டில் கைகூடாமல் போன பணி பற்றி ஒரு வரியும் இராது.

‘பயனாளி’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பிறர் செயலின் பயனைப் பெறுபவர் என்பது பொருள். அவருக்கென்று செயல் இல்லை. அரபியில் இவரை ‘முஸ்தஹிக்கு’ என்கிறோம். ‘ஹக்கு’ உடையவர், உரிமையாளர். செல்வர் பொருளில் கேட்போருக்கும் கேளாது வறுமையுற்றோருக்கும் அறியப்பட்ட உரிமை உண்டு என்பது திருமறையின் கருத்து. முஸ்தஹிக்கைப் பயனாளியாக மொழிபெயர்த்தபோதே நாம் ஒரு படி இறங்கிவிட்டோம். உரிமையாளர் ‘தா’ என்பார். பயனாளி ‘ஈ’ என்றே நிற்பார்.

பட்டினப்பாக்கத்தில் குடியிருப்பு வாரிய வீடுகளுக்கிடையே நடக்கும் மாலை வகுப்பு ஒன்றை நான் பல்லாண்டுகளாக அறிவேன். மீனவர் பிள்ளைகளும், கொத்து வேலை செய்வோர் பிள்ளைகளும் மதபேதமின்றி அங்கே படிக்கின்றனர். வகுப்பு நடத்துவோர் வேண்டியது இரண்டு ஆசிரியைகளின் சம்பளமும் அறை வாடகையும். ஓர் அறக்கட்டளை மூன்றாண்டு தொடர்ந்து அனுப்பியதோ, தன் பெயர் பொறித்த புத்தகப் பைகள். பை பெறும் பிள்ளைகளைப் படமெடுக்க ஒரு மாலை முழுவதும் வகுப்பு நின்றது. ‘பை வேண்டா’ என்று சொல்ல வகுப்பு நடத்துவோருக்குத் துணிவில்லை. சொன்னால் அடுத்த ஆண்டு அதுவும் வாராது. பின்னர்த் தோல் வணிகர் ஒருவர் வந்தார். ‘உங்களுக்கு எது குறை?’ என்று கேட்டார். மூன்றாண்டு வாடகையை ஏற்றார். ஆண்டுக்கொரு முறை வந்து பின்வரிசையில் அமர்ந்து பிள்ளைகள் படிப்பதைக் கேட்டுப் போவார். முதலாமவர் செலவிட்ட தொகை குறைவன்று. குறைந்தது கேள்வி ஒன்றே.

கடற்கரை கற்பித்தது

இக்கேள்வி கேட்கப்படாவிடில் என்ன நேரும் என்பதை எங்கள் கடற்கரை பெருவிலை கொடுத்துக் கற்றது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை சீனிவாசபுரத்துக் குடிசைகளைச் சூறையாடியது. உலகெங்குமிருந்து பொருள் குவிந்தது. பின்னர் அங்கிருந்த குடும்பங்கள் பல, பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள செம்மஞ்சேரிக்குக் குடிபெயர்க்கப்பட்டன. கூரை கிடைத்தது, கடல் தூரமாயிற்று. விடியுமுன் வலையோடு இறங்க வேண்டியவனுக்கும், மீன்கூடையோடு தெருத்தெருவாய்ப் போக வேண்டியவளுக்கும் தொழிலிடம் எட்டாத்தொலைவாயிற்று. வீட்டை யார் தருவது என்பது பற்றிப் பேச்சு நடந்த அளவுக்கு, எங்கே வேண்டும் என்று அதில் வாழப்போகிறவரைக் கேட்கும் பேச்சு நடக்கவில்லை.

தமிழகக் கடலோரம் பிறவிடங்களில் தேவைக்கு மிஞ்சிய ஃபைபர் படகுகள் வழங்கப்பட்டன. படகு படத்துக்கு நன்றாக அமையும். கொடுத்தவர் பெயரைப் பக்கவாட்டில் எழுதலாம். இதற்கு மாறான எடுத்துக்காட்டுகளும் உண்டு. நாகப்பட்டினத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ‘சினேகா’ என்னும் தொண்டு நிறுவனமும் முன்னின்று ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை ஏற்படுத்தின. எந்தக் கிராமத்துக்கு எது சென்றது, எது செல்லவில்லை என்பதை அம்மையம் தொகுத்து, அரசுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மக்களுக்கும் இடையே பாலமாயிற்று. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் கரையிலிருந்து ஓடிவந்த மீனவ மக்களுக்கு உணவும் இடமும் அளித்தனர். அபுல்காசிம் மரைக்காயரின் ஊரன்றோ அது! அங்கே கொடுத்தவரும் பெற்றவரும் அண்டை அயலார். நாளை மீண்டும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். அண்மை தரும் நம்பிக்கை அது. பன்னாட்டு அமைப்புகள் கூடி 2006இல் வெளியிட்ட மதிப்பீட்டறிக்கையும், உதவியை ஊட்டிவிடுவதை விடுத்து, மக்கள் தாமே மீள்வதற்குத் துணைநிற்குமாறு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

இன்று காலத்தின் போக்கு இருவேறு திசையில் செல்கிறது. அமெரிக்காவின் மெக்கென்சி ஸ்காட் அம்மையார் 2020 முதல் பெருந்தொகைகளை, எதற்குச் செலவிடுவது என்பதைப் பெறும் நிறுவனங்களின் முடிவுக்கே விட்டு வழங்கி வருகிறார். இந்தியாவிலோ வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. பெற்ற நிதியைப் பிற அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடுத்தது. பெரிய நிறுவனத்தின் வாயிலாகச் சிற்றூர் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்த வெளிநாட்டு நிதியின் வழி அடைபட்டது. சட்டம் கடுமையாகும் காலத்தில், உள்ளூர்ச் செல்வரின் பொறுப்பு இன்னும் மிகுகிறது. அவர் கையைக் கட்ட அந்தச் சட்டம் இல்லை.

இருசாராரும் செய்யத்தக்கவை

கொடுப்போருக்குச் சொல்வேன்: ஓராண்டுக்குக் கொடுத்து, அடுத்த ரமளானில் மீண்டும் வாசலில் நிற்கவைக்காதீர். மூன்றாண்டுக்கேனும் சொல் கொடுப்பீர். சம்பளத்துக்கும் வாடகைக்கும் கொடுப்பதை இழிவென எண்ணாதீர். உம் குழுவில், உதவி பெறும் குடும்பங்களின் தாய்மார் இருவருக்கு நாற்காலி இடுவீர். தேநீர் அருந்திவிட்டுப் போக அன்று, வாக்களிக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறர் தொடங்கி நின்றுபோன பணியைத் தேடிச் சென்று தாங்குவீர். புதுக் கல்வெட்டுக்கு ஆசைப்படாத செல்வர்கள் இன்று நமக்கு வேண்டும்.

நடத்துவோருக்கும் சொல்வேன்: கணக்கைக் கேட்குமுன் காட்டுவீர். 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டம் முத்தவல்லியை வாரியத்துக்குக் கணக்குக் காட்டப் பணித்தது. அதே கணக்கை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தின் முன் படித்துக் காட்டும் முத்தவல்லிகள் எத்தனை பேர்? தோல்வியை மறையாது உரைப்பீர். வேண்டாத பையை ‘வேண்டா’ என்று பணிவோடு சொல்லப் பழகுவீர். செல்வரிடம் ‘ஈ’ என்று குழைந்துவிட்டு, ஏழையிடம் திரும்பி ‘கைரேகை கொடு, படத்துக்கு முகம் கொடு’ என்று அதட்டுவது அறமாகாது. மேலிருப்போர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நீர் கேட்கும் அதிகாரத்தை, உமக்குக் கீழிருப்போருடன் முதலில் பகிர்ந்துகொள்வீர்.

இவ்வாறெல்லாம் செய்தால் வள்ளல் தன்மையின் மாண்பு குறைந்துபோகாதா என்று சிலர் அஞ்சக்கூடும். அவர்கள் சீறாப்புராணத்தை எடுத்துப் பார்க்கட்டும். அதிகாரத்தைத் தம் பிடியில் வைத்துக்கொள்ளாத செல்வர்களின் பெயர் முந்நூறு ஆண்டுக்குப் பின்னும் நம் நாவில் இருக்கிறது. ஃபுகஹாக்கள் வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மார்க்கச் சட்ட வாசகத்துக்கு ஒப்பாக மதித்தனர். ஆயினும் அறத்தின் நோக்கத்தையே முறிக்கும் நிபந்தனைக்கு அவர்கள் தலைவணங்கவில்லை. கொடுத்தவரின் சொல்லுக்கு மதிப்பும், பெற்றவரின் தேவைக்கு முதன்மையும் ஒருங்கே தரும் நடுவழி அது.

கொடுப்பவனும் பெறுபவனும் அடியார்களே, பொருள் அல்லாஹ்வுக்குரியது. அவ்வுண்மையை நெஞ்சில் இருத்திய இருவர் தம்முள் பேசிக்கொள்ளத் தொல்காப்பியர் வகுத்த மூன்று சொற்களில் பொருந்துவது ஒன்றே. அது ஒத்தோர் சொல்லாகிய ‘தா’. அச்சொல்லை நாணமின்றிச் சொல்லும் நாவையும், சினமின்றிக் கேட்கும் செவியையும் வல்ல நாயன் நமக்கு அருள்வானாக!